ஒய் குரோமோசோமை வைத்து எடை போட்ட ஒரு பயிற்சிப் பெட்டி

கேரியோடைப், அதாவது ஒரு செல்லின் குரோமோசோம்களை இனங்கண்டு வரிசைப்படுத்திய படம், அடுக்கிப் பழகுவதற்கென்று விற்கப்படும் பெட்டி ஒன்றை ஒரு பருவம் முழுவதும் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். வெட்டி ஒட்டும் படத்தாள்கள், மூன்று வகைச் சாயமுறைகளின் அட்டைகள், சுவரில் மாட்டும் வரைபடம் ஆகியவை அதில் உள்ளன. இத்தகைய பெட்டிகளை நான் ஒய் குரோமோசோமைக் கொண்டே மதிப்பிடுவேன். மற்றவற்றில் சாயமேற்றினால் தெரியும் குறுக்குப் பட்டைகள் நிறைய இருப்பதால் அச்சு சற்று மங்கினாலும் அடையாளம் தப்பாது, ஒய்யில் கண்ணுக்குத் தெரிபவையே மிகச் சில.

படத்தாள்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 21, 22, ஒய் ஆகிய மூன்றும் உருவில் நெருங்கியவை. ஆனால் குறுங்கையின் (இடுக்கத்துக்கு மேலுள்ள குட்டைப் பகுதி) நுனியில் சாட்டிலைட் எனப்படும் குமிழ் முதல் இரண்டிற்கே உண்டு, ஒய்க்குக் கிடையாது. ஒய்யின் நெடுங்கையில் இரு குரோமாடிட்களும் (ஒட்டி நிற்கும் இரு நகல் இழைகள்) பெரும்பாலும் விரியாமல் இணையாகவே நிற்கும். 22-இன் இடத்தில் ஒய்யை ஒட்டிவிட்ட மாணவி ஒருவர், கால்கள் விரியாததைக் கவனித்து, பசை காய்வதற்குள் தாமே பிரித்து மாற்றிக்கொண்டார். அந்த அளவுக்கு அச்சு தெளிவு.

சாயமுறை அட்டைகளில் சி-பட்டை அட்டையே சிறந்தது. பேரியம் ஹைட்ராக்சைடில் பக்குவப்படுத்திச் சாயமேற்றும்போது நெடுங்கையின் கீழ்ப்பகுதியான ஒய்க்யூ12 முழுவதும் கருத்துவிடுவதை அது அழகாகக் காட்டுகிறது. டிரிப்சின் நொதியும் ஜீம்சா சாயமும் கொண்டு செய்யும் ஜி-பட்டை அட்டை பரவாயில்லை. ஒளிரும் சாயமான குவினாக்ரினின் அட்டைதான் ஏமாற்றம்: புற ஊதா ஒளியில் எல்லாக் குரோமோசோம்களையும் மிஞ்சி ஒளிர வேண்டிய அதே ஒய்க்யூ12, மை அதிகமாகிப்போன அச்சில் சாம்பல் திட்டாகக் கிடக்கிறது.

சுவர் வரைபடத்தில், கருவை ஆணாக வளரத் தூண்டும் எஸ்ஆர்ஒய் மரபணு குறுங்கையின் ஒய்பி11.2-இல், எக்ஸுடன் இணைசேரும் நுனிப்பகுதியின் எல்லைக்கு அருகே, சரியாகவே குறிக்கப்பட்டுள்ளது. விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் பகுதிகள் மூன்றும் நெடுங்கையின் ஒய்க்யூ11-இல் வண்ணமிடப்பட்டுள்ளன. ஆனால் அங்கு ஏற்படும் நுண்ணிழப்புகள் (சிறு துண்டுகள் அறுந்துபோதல்) பட்டைகளில் தென்படாத அளவுக்குச் சிறியவை என்ற குறிப்பு எங்கும் இல்லாததால், மாணவர்கள் அவற்றை நுண்ணோக்கியில் தேடத் தொடங்கினார்கள்.

பெரிய பிழை ஒய்க்யூ12-ஐ வரைந்த விதம். ஜி-பட்டையின் கரும்பட்டையைப் போல அதைத் திண்ணமான கறுப்பால் நிரப்பியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைகளால் ஆன அந்தப் பகுதியின் நீளம் ஆணுக்கு ஆண் பெரிதும் வேறுபடும், அதனால் பொதுவாக உடல்நலக் கேடு எதுவுமில்லை. மாறும் பகுதி என்பதை உணர்த்தவே வழக்கமாக அதைச் சாய்கோடுகளால் வரைவார்கள். கறுப்பில் வரைந்து ஒரே நீளத்தில் நிறுத்தியதன் விளைவு, படத்தாளில் குட்டையான ஒய்யைக் கண்ட இருவர் அதை இழப்பு என்று எழுதிவிட்டார்கள்.

“முழு டிஎன்ஏ வரிசையின்படி” என்ற பொருளில் உள்ள “முழு வரிசையின்படி” என்ற அச்சுக்குறிப்பும் பொருந்தவில்லை. வரைபடத்தின் அளவுகோல் 5.7 கோடி கார இணைகளுக்கு (டிஎன்ஏ ஏணியின் படிகள்) சற்று மேலே முடிகிறது. அது பாதிக்கு மேல் வெற்றிடமாக இருந்த பழைய மேற்கோள் வரிசையின் (ஒப்பிட எல்லோரும் பயன்படுத்தும் மாதிரி வரிசை) நீளம். இடைவெளியின்றி வாசிக்கப்பட்டு 2023-இல் வெளியான ஒய் வரிசையின் நீளம் 6,24,60,029 கார இணைகள்.

படத்தாள்களைத் தனியாக விற்றால் மறுபடி வாங்குவேன். வரைபடத்தின் ஒய்க்யூ12 மீது வெள்ளைத் தாள் ஒட்டி, சாய்கோடுகளை நானே பேனாவால் போட்டு மாட்டியிருக்கிறேன்.