எழுதி விசாரிப்பதா, விலகி நின்று கவனிப்பதா?

மனச்சோர்வுக்கான சிகிச்சையில் தன்னைத்தான் நோக்கும் பயிற்சி ஒரே வகையானதன்று. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையில், "நண்பன் போனை எடுக்கவில்லை; நான் யாருக்கும் வேண்டாதவன்" என்று மனத்தில் ஓடியதை அப்படியே தாளில் எழுதி, அப்போது எழுந்த துயரத்துக்கு 100க்கு 80 என மதிப்பிட்டு, அவ்வெண்ணத்துக்குச் சான்று உண்டா, எதிர்ச்சான்று உண்டா என வழக்கு விசாரிப்பதுபோல் ஆராய்ந்தபின் மீண்டும் மதிப்பிட வேண்டும். 80 என்பது 60 ஆனாலே அன்றைக்கு அது பெரிய காரியம்தான்.

சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய உளவியலாளர் மூவர் வகுத்த 8 வார முழுக்கவனப் (mindfulness) பயிற்சியோ எண்ணத்தோடு வாதிடுவதில்லை. முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சுவைக்கச் சொல்வார்கள், கேட்பதற்கு வேடிக்கைதான். அதே கவனத்தைப் பிறகு நெஞ்சின் இறுக்கத்தின் மீதும், 'நான் உதவாக்கரை' என்ற எண்ணத்தின் மீதும் திருப்பி, அது வந்துபோகும் ஓர் எண்ணம் மட்டுமே எனக் காணப் பழக்குவார்கள்.

முன்னது சோர்வு நிலவும்போதே கைகொடுப்பது. பின்னது, பலமுறை சோர்வுற்று மீண்டவர்களுக்கு அது திரும்பாமல் தடுப்பதற்கென்றே முதலில் வகுக்கப்பட்டது. கடுஞ்சோர்வில் இருப்பவரைக் கண்மூடி அமரச் சொன்னால், கவனிப்பது பழையதை அசைபோடுவதாகவே முடியக்கூடும் என்பதால், அந்நிலையில் சிகிச்சையாளர் துணையோடு தாளும் பேனாவுமே மேல் என்பது என் கருத்து.