திருநெல்வேலி–தூத்துக்குடி பயணிகள் ரயில்: மணியாச்சியில் திசை மாறும் வண்டி

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் போனால் வல்லநாடு, வாகைக்குளம் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் போய்ச் சேர்ந்துவிடலாம். ரயில் அப்படியில்லை. தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு என்று வடக்கே மணியாச்சி வரை ஏறிப்போய், அங்கே எஞ்சினைக் கழற்றி வண்டியின் மறுமுனையில் மாட்டிய பிறகுதான் கிழக்கே கடலைப் பார்த்துத் திரும்புகிறது. சென்ற மாதம் நான் போன அன்று, இந்த வேலை முடியக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. எதிர் இருக்கையில் இருந்த பெரியவரிடம், "என்ன அண்ணாச்சி, வந்த வழியே போகுதே?" என்று கேட்டேன். "வண்டி திரும்பல தம்பி, எஞ்சினத்தான் மாத்துதாவ" என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் காத்திருப்பைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுவே இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. ஏனென்றால் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதை மணியாச்சியின் தண்டவாளங்களே காட்டுகின்றன. மதுரையிலிருந்து வரும் வண்டி நிற்காமல் தூத்துக்குடிக்குப் போகலாம். திருநெல்வேலிக்காரர் மட்டும் திசை மாறித்தான் துறைமுகத்தை அடைய வேண்டும். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், கோவில்பட்டி கரிசல் காட்டில் விளைந்த பருத்தியைக் கப்பலுக்குச் சேர்ப்பதே 1876-இல் திறந்த மதுரை–தூத்துக்குடிப் பாதையின் முதல் வேலை. அதுவரை மாட்டுவண்டிகள் சுமந்த சுமை அது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு வந்தது முதல், நம் பக்கத்துப் பருத்தியின்மேல் ஆங்கிலேயருக்குக் கவனம் கூடியிருந்தது.

அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த ஆதரவின் அளவைத் தெரிந்துகொண்டு இந்த வண்டியில் ஏறுவது நல்லது. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருச்சிக்குப் பாதை போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேக்கு, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உறுதி என்று அரசு ஒப்பந்தம் செய்தது; நிலத்தையும் விலையின்றிக் கொடுத்தது. வரும்படி அந்த அளவுக்கு எட்டாத ஆண்டுகளில் மீதியை இந்நாட்டு வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கட்டியது. ஆகவே நட்டம் உழவர் தலையிலும் வட்டி லண்டன் பங்குதாரர் கையிலும் போய்ச் சேர்ந்தன. அந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் 1874-இல் இணைந்து உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான் தெற்கே தூத்துக்குடி வரை மீட்டர் கேஜ் பாதையைக் கொண்டுவந்தது. பாதை திறந்த அதே ஆண்டில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பிடித்தது என்பதை நினைக்கும்போது, வட்டிக்கு உறுதி கொடுத்த அரசு சோற்றுக்கு அப்படி ஓர் உறுதி கொடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மணியாச்சி நடைமேடையில் இறங்கி நிற்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ், திருநெல்வேலியிலிருந்து வந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயில் என்ற சென்னை ரயிலுக்காக இங்கேதான் பெட்டியில் காத்திருந்தார். வாஞ்சிநாதன் அவரைச் சுட்டதும், தன்னைச் சுட்டுக்கொண்டதும் இந்தச் சந்திப்பில்தான். துறைமுகத்துக்கென்று போட்ட பாதையில் திருநெல்வேலி ஒரு கிளையாக நின்றதால் வந்த காத்திருப்பு அது. நிலையத்தின் பெயர் இப்போது வாஞ்சி மணியாச்சி.

மணியாச்சியைத் தாண்டியதும் சன்னலோர இருக்கை அவசியம். கரிசல் மண்ணும் உடைமரமும் மாறி மாறி வர, தட்டப்பாறை வந்துவிடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்த முகாம் இங்கே இருந்தது. பருத்தியைப் போலவே மனிதரும் இந்தத் தண்டவாளத்தில் துறைமுகத்துக்குப் போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி பக்கம் போன பிறகு, தூத்துக்குடிக்கு அந்தக் கூட்டம் குறைந்தது.

வண்டி கீழூர் நிலையத்தில் நின்றதும் வெளியே வந்து பழைய துறைமுகம் வரை நடந்து பாருங்கள். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் வெகுதூரம் தள்ளியே நங்கூரமிட்டன. ரயில் கொண்டுவந்த பொதிகளைத் தோணிகள்தாம் கப்பலுக்குச் சுமந்தன. கப்பல் கரையணையும் ஆழ்கடல் துறைமுகம் 1974-இல்தான் வந்தது.

அவசர வேலையாகப் போகிறவர்கள் பேருந்திலேயே போகலாம். பெரியவர்களுடனும் பிள்ளைகளுடனும் போகிறவர்களுக்கு, கட்டணம் குறைந்த, எழுந்து நடமாட இடமுள்ள இந்த வண்டியையே சொல்வேன். காலை வண்டியில் ஏறுங்கள். மணியாச்சி வரை எந்தச் சன்னலும் சரிதான், பிறகு பிள்ளைகளை எதிர்ப்பக்கம் மாற்றி உட்கார வையுங்கள்.