நேரே மருத்துவமனையா, மாஜிஸ்திரேட் உத்தரவா?

பெங்களூரில் மனநோய் முற்றியும் சிகிச்சைக்கு வர மறுப்பவரை வைத்துக்கொண்டு தவிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இரு வழிகள்: பிரிவு 89-ல் நேரே மருத்துவமனையில் சேர்ப்பது, பிரிவு 102-ல் மாஜிஸ்திரேட் உத்தரவில் சேர்ப்பது.

சேர்க்கக் கேட்பவர்: 89-ல் நியமனப் பிரதிநிதி (தன் சார்பில் செயல்பட நோயாளியே நியமித்தவர்), யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர். 102-ல் மாஜிஸ்திரேட்டே எழுத்தில் உத்தரவிடுவார்.

வைத்திருக்கும் காலம்: 89-ல் 30 நாள் வரை. 102-ல் 10 நாள் வரைதான், அதுவும் பரிசோதித்துச் சிகிச்சையைத் திட்டமிட.

89 பெரும்பாலும் சறுக்குவது நிபந்தனையில். மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவர் என இருவர் தனித்தனியே, அன்றைக்கோ முந்தைய 7 நாளுக்குள்ளோ பார்த்திருக்க வேண்டும். ‘மாத்திரை போடமாட்டேங்கிறார்’ என்பது போதாது. அண்மையில் தன்னையோ பிறரையோ தாக்கியது, சாப்பிடாமல் குளிக்காமல் கிடப்பது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

பொறுப்பேற்க உறவு இருந்தால் பெங்களூரின் மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவும் 89-உம் போதும். அடைத்து வைத்துக் கொடுமைப்படுத்துவது வீட்டாரே என்றால், காவல் நிலையத்தில் சொல்லி, மாஜிஸ்திரேட் வழியே 102.