ஜெம்பே: எழுதிப் படிப்பதா, கேட்டுப் படிப்பதா?

ஜெம்பே, வெறும் கையால் வாசிக்கும் மேற்கு ஆப்பிரிக்க மேளம். கினியிலோ மாலியிலோ போய் உட்கார்ந்து ஒரு வாத்தியாரிடம் அதைக் கற்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. வீட்டிலிருந்தே கற்க நினைப்பவருக்கு மிஞ்சுவது தாளில் எழுதிய தாளக்குறிப்பும் ஒலிப்பதிவும்தான். "இரண்டும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எந்த வாத்தியத்துக்கு எது என்று கேட்டால்தான் பதில் பிரிகிறது. என் கணக்கில், ஜெம்பேயோடு சேர்ந்து ஒலிக்கும் குச்சி மேளமான டுனுனுக்குப் பெரும்பாலும் தாள் போதும். ஜெம்பேக்குத் தாளை நம்பினால் ஏமாற்றம்தான்.

ஏன் என்று பார்க்க, மேல் கினியில் குருஸா நகரைச் சுற்றியுள்ள ஹமனா பகுதியின் மேளக்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். குச்சியால் அடிக்கும் டுனுன்கள் மூன்று. பெரியது டுனுன்பா, நடுவில் சங்பான், சின்னது கென்கெனி. ஒவ்வொன்றோடும் ஓர் இரும்பு மணி ஒலிக்கும். இவற்றோடு வெறும் கையால் வாசிக்கும் ஜெம்பேக்கள். நம் கண் ஜெம்பே மேல்தான் போகும். ஆனால் வாசிக்கும் தாளம் காஸாவா, சோலியா, அல்லது அந்தப் பெரிய மேளத்தின் பெயரையே கொண்ட டுனுன்பாவா என்று அடையாளம் காட்டுவது டுனுன்கள், அதிலும் முக்கியமாகச் சங்பான். ஜெம்பேயின் பின்னணி அடிகளோ பல தாளங்களுக்குப் பொது. "பா - - தா பா - கோ டோ" என்ற எட்டுக் கட்ட வரியை (அசைகள் கையடிகள், கோடுகள் காலி இடங்கள்) மட்டும் கற்றவர், அதையே பத்துத் தாளங்களின் பெயரில் வாசிக்கலாம்! ஜெம்பே வரிகளை மட்டும் அச்சிட்ட குறிப்புகளை வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, எழுதும் முறைக்கு வருவோம். மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறி முதலில் வந்தது. பாதிரியாராக ஆப்பிரிக்காவில் பணிபுரிந்த ஏ. எம். ஜோன்ஸ், கானாவின் எவே இன மேளக்கலைஞர் டெஸ்மண்ட் டேயை வாசிக்கச் சொல்லி, ஒவ்வோர் அடியும் ஓடும் காகிதத்தில் பதியும் மின்கருவி ஒன்றை வைத்து ஆராய்ந்தார். முடிவுகள் 1959-இல் அச்சாயின. உழைப்பு அபாரம். ஆனால் ஒவ்வொரு மேளத்துக்கும் தனித்தனி இடத்தில், தாளச்சுற்றைப் பிரித்துக் காட்டும் பிரிவுக்கோடு போட்டுவிட்டார். ஒரே காலடிக்கு ஆடும் கூட்டம், தாளில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல் தெரிகிறது. இசைக்குறி ஏற்கெனவே தெரியாதவர்கள் இந்த வழியில் போக வேண்டியதில்லை.

இரண்டாவது கட்டத்தாள். 1962-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஃபிலிப் ஹார்லண்ட் வகுப்புக்காக உருவாக்கியதை, 1970-இல் ஜேம்ஸ் கோட்டிங் கட்டுரையாக எழுதிப் பரப்பினார். சம அளவுக் கட்டங்கள். அடி இருந்தால் குறி, இல்லாவிட்டால் காலி. எவே மக்களின் காங்கோகுய் மணியில் வரும் புகழ்பெற்ற வரியைப் பாருங்கள்: பன்னிரண்டு கட்டங்களில் 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகியவற்றில் அடி. ஒரு வரியில் முடிந்தது. ஐந்து நிமிடத்தில் யாரும் வாசிக்கத் தொடங்கலாம். டுனுன்களுக்கும் இதே வசதி உண்டு. மூன்று மேளங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால், எந்த அடி எதன் இடைவெளியை நிரப்புகிறது என்று பார்த்தவுடன் தெரியும். இதைக் காதால் மட்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இடையில் ஒரு மூன்றாம் வழியும் இருக்கிறது: வாயால் சொல்வது. நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா போன பாபாடுண்டே ஒலாடுஞ்சி, கனத்து ஒலிக்கும் அடித்தொனிக்கு "குன், டுன்", தெளிவாக ஒலிக்கும் திறந்த தொனிக்கு "கோ, டோ", சுள்ளென்று ஒலிக்கும் வீச்சடிக்கு "பா, தா" என்று வைத்தார். இணையில் முதலாவது வலக்கை, அடுத்தது இடக்கை. சொற்கட்டு சொல்லிப் பழகிய மிருதங்கக்காரர்களுக்கு இது ஒரு வாரத்தில் பிடிபடும். தாளில் எழுதுவதாக இருந்தாலும் வெறும் குறிகளைவிட இந்த அசைகளைக் கட்டங்களில் எழுதுவதே மேல். கை மாறாது.

இனி, தாள் எங்கே பொய் சொல்கிறது? கட்டங்கள் எல்லாம் சம அகலம், வாசிப்பு அப்படியில்லை. மாலியின் தலைநகர் பமாகோவில் அங்குள்ள கலைஞர்களோடு வாசித்த ஆய்வாளர் ரைனர் போலாக், பதிவுகளை அளந்து பார்த்துக் காட்டிய விஷயம் இது: ஒரு காலடிக்குள் வரும் உள்ளடிகள் சமமாக இல்லை, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. கைதவறி வருவதில்லை, வாசிப்பு முழுவதும் அந்த விகிதம் நிலையாக நிற்கிறது. அந்தத் தாளத்தின் உருவமே அதுதான். கட்டத்தாளைப் பார்த்து ஜெம்பே வாசிப்பவர் தையல் இயந்திரம் மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. கட்டத்தின் மேல் அம்புக்குறி போட்டுச் சிலர் சமாளிக்கிறார்கள். உதவாது. இதைக் காதில் ஏற்றினால்தான் கைக்கு வரும்.

திறந்த தொனிக்கும் வீச்சடிக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான். இரு வேறு எழுத்துகளாக எழுதிவிடலாம். தொடக்கத்தில் பலருக்கு இரண்டும் ஒரே 'தட்' என்றுதான் கேட்கும். அதைச் சரிசெய்ய உங்கள் வாசிப்பைப் பதிந்து மூலப் பதிவோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் காதும் ஏமாற்றும். டுனுன்பா வகைத் தாளங்களில் கென்கெனியின் அடி, ஆடுபவரின் காலடியில் விழாமல் இடையில் விழும். ஆட்டத்தைப் பார்க்காமல் கேட்பவர் அந்த அடியையே காலடி என்று பிடித்துக்கொள்வார். அப்புறம் எல்லாமே ஒரு முழம் தள்ளிக் கேட்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் கட்டத்தாளை மிஞ்ச ஆளில்லை. முடிந்தால் ஒலிப்பதிவைவிட ஆட்டக்காரர்களின் கால் தெரியும் காணொளி பாருங்கள்.

எந்தப் பதிவு என்பதிலும் கவனம் வேண்டும். 1958-இல் கினி விடுதலை பெற்றபின் 'லே பாலே ஆஃப்ரிகேன்' போன்ற அரசுக் குழுக்கள் கிராமத்துத் தாளங்களை மேடைக்கு ஏற்றபடி அடுக்கின. ஃபாமுடு கொனாத்தே அந்தக் குழுவிலும், மாமாடி கெய்ட்டா இன்னொரு அரசுக் குழுவான 'பாலே ஜோலிபா'விலும் முதன்மைக் கலைஞர்களாக இருந்தவர்கள். பிற்பாடு இருவரும் தங்கள் ஊர் மரபை உலகெங்கும் கற்பித்தார்கள். மேடைப் பதிவில் நீங்கள் கேட்கும் திடீர் நிறுத்தமும் வேகமும் ஒரு நிகழ்ச்சிக்காகக் கோத்தவை. அவற்றை மனப்பாடம் செய்தால் கிடைப்பது அந்த நிகழ்ச்சி, தாளம் பிடிபட்டதாகாது.

தொடங்குவதற்குக் காஸாவை எடுங்கள். வயல் வேலையோடு சேர்ந்தது, இரண்டிரண்டாகப் பிரியும் நடை. சங்பான் வரியைக் கட்டத்தில் எழுதி, நடந்துகொண்டே வாயால் பாடுங்கள். அது தடுமாறாமல் வந்தபின் தாளை மடித்துவிட்டு, பதிவோடு சேர்ந்து ஜெம்பே பின்னணியை வாசியுங்கள். வேகம் குறைக்கும் செயலியை அடிகளின் வரிசையைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். மெதுவாக்கிய பதிவோடு பழகிய கைக்கு முழு வேகத்தின் குட்டை நெட்டை எளிதில் வராது. மூன்று மூன்றாகப் பிரியும் சோலி, மெண்டியானி எல்லாம் அதற்குப் பிறகு.