‘சின்ன டெஸ்ட்தான்’ என்று வரும் ஏஜென்சியிடம் உஷார்

ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பை ஃப்ரீலான்ஸாகச் செய்கிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். இப்போதுதான் தொழிலுக்கு வந்து குழுக்களில் பெயர் எடுக்கப் பாடுபடுகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ப்ரோஸ் (ProZ) என்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கான இணையதளம் வழியாகத்தான். அங்கே குடோஸ் என்று ஒரு பகுதி உண்டு. யாராவது ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவோம், கேட்டவர் தேர்ந்தெடுக்கும் பதிலுக்குப் புள்ளி. புள்ளி சேரச் சேர மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் மேலே ஏறும், ஏஜென்சிகள் கண்ணில் படும். நல்ல ஏற்பாடு, இன்றும் பதில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என்னை ஏமாற்றிய ஏஜென்சியும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வந்தது.

மெயில் அவ்வளவு மரியாதையாக இருந்தது. மருத்துவக் காப்பீடு பற்றி நான் எழுதிய பதிலைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள். பெரிய புராஜெக்ட், ரேட் பிரச்சினை இல்லை, சின்ன டெஸ்ட் மட்டும் செய்துகொடுங்கள் என்றார்கள். வந்தது ஒரு பாலிசி ஆவணத்தின் நடுப்பக்கம். செய்து அனுப்பியதும், ‘தரம் போதவில்லை, பிறகு தொடர்புகொள்கிறோம்’ என்று ஒரு வரி.

கொஞ்ச நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேலத்து நண்பர் ஒரு சந்தேகம் கேட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டார். அதே எழுத்துரு, அடியில் அதே பதிப்பு எண். என் டெஸ்ட் பாலிசியின் பிரிவு 4.2-இல் முடிந்திருந்தது, அவருடையது 4.3-இல் ஆரம்பித்தது. விசாரித்தால் குழுவில் இன்னும் பலரிடம் 5, 6, 7 என்று ஆளுக்கொரு துண்டு. எல்லோருக்கும் அதே ‘தரம் போதவில்லை’.

திருச்சியில் இருக்கும் ஒரு இளம் தோழிக்கு மட்டும் ‘வேலை’ கிடைத்திருந்தது. முழு ஆவணத்தையும் சரிபார்க்கும் வேலை. “அக்கா, இது நீங்க எழுதுற மாதிரியே இருக்கே” என்று ஃபைலை அனுப்பினார். என் பத்தி, ஒரு கமாகூட மாறாமல். அவரும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். இன்வாய்ஸ் அனுப்பியதோடு சரி, போனும் எடுப்பதில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. முதல் வேலை அது. அந்தப் பெண்ணின் உழைப்பை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

டெஸ்ட் கேட்பதே மோசடி என்று சொல்லவில்லை. 250, 300 சொற்கள் வரை கேட்பது நம் தொழிலில் வழக்கம்தான். ஆனால் நேர்மையான ஏஜென்சி டெஸ்டுக்கென்று தனியாக வைத்திருக்கும் பத்தியைத் தரும். பாதி வாக்கியத்தில் தொடங்கி, பிரிவு எண்ணோடு, நாளைக்கே வேண்டும் என்று வந்தால் அது யாருக்கோ டெலிவரி செய்யவேண்டிய வேலை. அப்படி வந்தால் உங்கள் ரேட்டைச் சொல்லுங்கள். குழுவிலும் உடனே கேளுங்கள், அடுத்த துண்டு பக்கத்து ஆளிடம் இருக்கும். ப்ரோஸில் ப்ளூ போர்டு இருக்கிறது. ஏஜென்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். மெயில் திறந்தவுடன் அதைப் பாருங்கள்.

பி.ஓ. (வேலையையும் தொகையையும் உறுதிசெய்து ஏஜென்சி எழுத்தில் தரும் பர்ச்சேஸ் ஆர்டர்) கைக்கு வராமல் வேலையைத் தொடாதீர்கள். தொடங்கும் முன்பே உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள், ஆன்லைனில் இலவசம்தான். 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் எந்தக் கெடு போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளத்தில் கொடுக்கலாம்.

மருத்துவக் காப்பீட்டு பாலிசியின் துண்டு ஒன்று ‘டெஸ்ட்’ என்ற பெயரில் உங்களுக்கும் வந்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மெயிலையும் ஃபைலையும் அழித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து சைபர் குற்றப் பிரிவில் ஒரே புகாராகக் கொடுக்கப்போகிறோம்.