பெருவிடைச் சேவல், சிறுவிடைத் தாய்: கறிக்கான கலப்புக் குஞ்சுகள் குறித்து

அசில் எனப்படும் பெரிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழி இனமான பெருவிடைச் சேவலை, சிறிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழியான சிறுவிடைக் கோழிகளோடு இணைத்துப் பெற்ற குஞ்சுகளை எங்கள் பகுதிப் பண்ணை ஒன்று, வீட்டுக் கறித் தேவைக்கென்றே விற்று வருகிறது. ஒரு மாதக் குஞ்சுகளாக வாங்கி, பகலில் தென்னந்தோப்பில் மேயவிட்டு, மாலையில் உடைத்த கம்பும் தவிடும் கொடுத்து வளர்த்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கறிக்காக மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இவற்றையே இணைத்து அடுத்தடுத்த தலைமுறைகளை எடுக்கலாம் என்று பண்ணையில் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

தகப்பன் பெரிதாகவும் தாய் சிறிதாகவும் அமைந்த இந்த இணைப்பில் நல்ல யோசனை இருக்கிறது. பெருவிடைக்கு எடையும் நெஞ்சுச் சதையும் உண்டு என்றாலும் வளர்ச்சி மெதுவானது, முட்டை குறைவு, அடையில் அமர்ந்தால் உடல் பாரத்தில் முட்டைகள் உடைவதும் உண்டு. சிறுவிடையோ கூடுதலாக முட்டையிட்டு, பொறுமையாக அடைகாத்து, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும் தாய். ஆனால் எடை ஒன்று, ஒன்றரைக் கிலோவோடு நின்றுவிடும். அசிலின் சதைப்பற்றைப் பிற இனங்களுக்கு ஏற்றுவது புதிய வழியும் அன்று. இன்றைய பிராய்லரின் தந்தை வழியான கார்னிஷ் இனம், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசிலின் கலப்பால் உருவானதுதான்; உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிலையத்தின் நிர்பீக் கோழியும் அசில் கலப்பே.

ஆறாம் மாதத்தில் சேவல்கள் இரண்டு கிலோவைத் தாண்டின. பெட்டைக்கோழிகள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி நின்றன. தோலோடு மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டி அறுத்தபோது தொடைக்கறி அடர்சிவப்பாகவும், தோலடிக் கொழுப்பு மெல்லிய மஞ்சள் ஏடாகவும் இருந்தது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி நெடுநேரம் வேகவிட்டும் துண்டுகள் உருக்குலையவில்லை. சாறும் எலும்பின் ருசி இறங்கிக் கெட்டியாக வந்தது. சிறுவிடைக் கறியின் மணம் குறையாமல் நெஞ்சுப் பகுதியில் அதைவிடக் கூடுதலாகச் சதை கிடைப்பதே இந்தக் கலப்பின் பெரும் பயன்.

குறையையும் சொல்லியாக வேண்டும். நான்காம் மாதத்திலேயே சேவல்கள் கொண்டை கிழியச் சண்டையிடத் தொடங்கிவிடுகின்றன. தனித்தனியாக அடைக்க இடமில்லாதவர்கள் சேவல்களை முன்னதாகவே கறிக்கு எடுத்துவிட வேண்டும். விற்கும்போது பண்ணையில் இதைச் சொல்லவே இல்லை. வேகமான வளர்ச்சிதான் வேண்டும் என்பவருக்கு ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா என்ற கோழி ரகம் பொருந்தும், ஆனால் அது அடைகாப்பது அரிது என்பதால் ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்த தலைமுறை குறித்த என் மறுப்புக்குக் காரணம் உண்டு. முதல் கலப்பில் ஏறக்குறைய ஒரே சீராக வரும் குஞ்சுகள், தங்களுக்குள் இணையும்போது சில பெரிதாகவும் சில தாயைவிடச் சிறிதாகவும் சிதறிப் போகின்றன. கலப்பால் கிடைத்த வீரியமும் குறைகிறது. எனவே தொடர்ந்து வளர்க்க நினைப்பவர், வலுவான பெருவிடைச் சேவல் ஒன்றையும் சில சிறுவிடைத் தாய்களையும் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முதல் கலப்பையே எடுப்பது நல்லது. சேவல் மிகக் கனமாக இருந்தால் தாய்க்கோழிகளின் முதுகு இறகு பிய்ந்து புண்ணாகும் என்பதால் இளஞ்சேவலே ஏற்றது. குஞ்சாக வாங்குபவர்கள் தாய்க்கோழிகளையும் தகப்பன் சேவலையும் நேரில் காட்டச் சொல்லுங்கள்; வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டு, இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் மட்டுமே பணம் கொடுங்கள்.