பிடிஎஃப்பை எதில் திறக்க விடுவது? ஒரு ஜெராக்ஸ் கடைக் கணக்கு

பாம்பனில் எங்களுக்குச் சின்ன ஜெராக்ஸ் கடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்த 61 நாளில்தான் விட்டுப்போன காகித வேலையெல்லாம் ஊரில் நடக்கும். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று எது வந்தாலும் பெரும்பாலும் பிடிஎஃப்தான். அதை டபுள் கிளிக் செய்தால் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதில் நான் மூன்று முறை மனம் மாறியிருக்கிறேன்.

முதலில் எட்ஜ், விண்டோஸோடு வரும் இணைய உலாவி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பிடிஎஃப்பைத் திறப்பது தானாகவே அதுதான். இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம். சத்தமாகப் படித்துக் காட்டும் வசதியில் தமிழ்க் குரலும் உண்டு. கண் மங்கிய பெரியவர்களுக்கு நல்லது. படிக்க மட்டும் என்றால் இதையே விட்டுவிடலாம். கடையில் என் தொல்லை வேறு: பத்து இணையத் தாவல்களுக்கு நடுவே ஒருவருடைய ஆதார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

அடுத்து சுமத்ரா, பிடிஎஃப் படிக்கும் ஒரு சின்ன மென்பொருள். எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்க மாட்டேன். சில எம்பி அளவு, இலவசம், 4 ஜிபி ராம் உள்ள எங்கள் பழைய கணினியில்கூடக் கிளிக் செய்த கையோடு திறந்துவிடும். விளம்பரமில்லை, "பணம் கட்டி மேம்படுத்து" என்ற நச்சரிப்பில்லை. ஆனால் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி திறந்த கோப்புகளின் முதல் பக்கத்தை முகப்பில் சிறு படங்களாக அடுக்கி வைக்கும். அடுத்து வருபவர் முன்னால் முந்தையவரின் ஆதார் முகம் காட்டும்! அமைப்புகளில் 'ரிமெம்பர் ஓப்பன்ட் ஃபைல்ஸ்' என்பதை எடுத்துவிட்டால் சரி. கடவுச்சொல் கேட்கும் பெட்டியிலும் நினைவில் வைக்கவா என்று ஒரு கட்டம் இருக்கும், அதிலும் கை படக்கூடாது.

இப்படி ஒரு வருடம் சுமத்ராவோடு ஓடியது. அப்புறம் சின்னப்பாலத்து அக்கா ஒருவர் வந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர், மகனின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்று வேண்டும். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். கடையில் நிற்கும் தம்பி கோப்பை டபுள் கிளிக் செய்தான், பிரிண்ட் போட்டான், காசு வாங்கினான். மூன்றாம் நாள் அக்கா திரும்பி வந்தார். "தம்பி, இதுல கேள்விக்குறி இருக்காம், செல்லாதுன்னுட்டாங்க." பார்த்தால், கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி அப்படியே அச்சாகியிருந்தது. ஒரு நாள் பாசி போச்சு, பஸ் காசும் போச்சு.

தப்பு எங்களுடையதுதான். இந்தச் சான்றுகளில் இருப்பது டிஜிட்டல் கையொப்பம், அதாவது மென்பொருளால் சரிபார்க்கக்கூடிய மின்னணுக் கையொப்பம். பிடிஎஃப் திறக்கும் இன்னொரு மென்பொருளான அடோபி ரீடர் அதைச் சரிபார்த்துக் கேள்விக்குறியைப் பச்சை டிக்காக மாற்றும். சுமத்ரா சரிபார்க்காது, கோப்பில் உள்ள படத்தை உள்ளபடி காட்டும். அடோபியும் முதல் தடவையே டிக் போட்டுவிடாது. கையொப்பத்தின் மீது வலது கிளிக் செய்து, அதன் பண்புகளுக்குள் போய், கையொப்பமிட்டவரின் சான்றிதழைத் திறக்க வேண்டும். இடப்பக்க வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே சிசிஏ இந்தியா (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்களுக்கு மேலே இருக்கும் அரசு அமைப்பு) என்று ஆண்டோடு ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்து, 'டிரஸ்ட்' பகுதியில் நம்பகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மறுபடி சரிபார்க்கச் சொன்னால் டிக் விழும். அதன்பின் அதே சிசிஏ பெயரின் கீழ் வரும் சான்றுகளுக்கு அந்தக் கணினியில் மறுபடி இதைச் செய்ய வேண்டியதில்லை. வேறு ஆண்டின் சிசிஏ வந்தால் மட்டும் இன்னொரு முறை. (தாளில் அச்சான டிக் எதையும் நிரூபிக்காது, கோப்பில்தான் நிரூபணம் இருக்கிறது. அதை கவுண்டரில் போய் யார் சொல்வது?)

நான் மட்டும் உட்காரும் கணினி என்றால் சுமத்ராவையே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வலது கிளிக் செய்து அடோபியில் திறந்துகொள்வேன். ஆனால் டபுள் கிளிக் என்பதே யோசிக்காமல் செய்வது. அங்கே உட்காருவது தம்பி, சனிக்கிழமைகளில் என் அக்கா மகள். அவர்கள் யோசிக்காமல் திறந்தாலும் தப்பு நேரக்கூடாது. அதனால் கடையில் அடோபிதான்.

அடோபிக்கு வேறு இரண்டு நன்மையும் உண்டு. தமிழ் எழுத்து உடைந்து அச்சானால் பிரிண்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் படமாக அச்சிடச் சொல்லலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். திறந்ததும் "ப்ளீஸ் வெயிட்" என்று மட்டும் காட்டி நிற்கும் சில விண்ணப்பப் படிவங்களும் இதில் திறக்கும். பாரம் அதிகம்தான். காலையில் முதல் கோப்பு திறப்பதற்குள் கடை வாசலைக் கூட்டிவிடலாம். இறக்கும் பக்கத்தில் கூடவே வேறு மென்பொருள் வேண்டுமா என்று டிக் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

மாற்றுவது சுலபம்: பிடிஎஃப் மீது வலது கிளிக், 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', மென்பொருளைத் தேர்ந்து 'ஆல்வேஸ்'. விண்டோஸ் 10-இல் 'ஆல்வேஸ்' பொத்தானுக்குப் பதில் கீழே ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட மறந்தால் அந்த ஒரு தடவையோடு சரி. மாற்றிய பிறகும் ஒருநாள் காலையில் எல்லாம் பழையபடி எட்ஜில் திறந்தது, காரணம் பிடிபடவில்லை. அதிலிருந்து கடை திறந்ததும் டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஒரு பிடிஎஃப்பின் ஐகான் அடோபியுடையதுதானா என்று தம்பி பார்த்துக்கொள்கிறான்.

ஃபாக்ஸிட் என்ற இன்னொரு பிடிஎஃப் மென்பொருளைப் பத்து நாள்தான் வைத்திருந்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. வீட்டு லேப்டாப்பில் இன்றும் சுமத்ராதான்.